வலி கையில், சிகிச்சை தலையில்

உடம்பில் எங்கே அடிபட்டாலும் வலியை உணர்வது மூளைதான். ஆனால் அந்த மூளைக்கு மட்டும் வலிக்காது. வலியை உணரும் நரம்பு முனைகள் அதற்குள் கிடையாது. தலைத் தோல் மரத்துப்போக ஊசி போட்டுவிட்டால், நோயாளி விழித்திருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மூளையில் அறுவை சிகிச்சை செய்யலாம். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு இப்படித்தான் வலிப்பு நோயாளிகளின் மூளைப் பரப்பை மின்முனையால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் தொட்டால் விரல் அசைந்தது. இன்னோரிடத்தில் தொட்டால் உதட்டில் குறுகுறுப்பு. வேறோரிடத்தில் எப்போதோ கேட்ட குரல். ஆனால் "வலிக்கிறது" என்று சொன்னவர்கள் மிகமிகக் குறைவு.

வலிக்கென்று மூளையில் தனியாக ஒரு சுவிட்ச் இல்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். உணர்வுச் செய்திகள் முதலில் வந்து சேரும் தாலமஸ், தொடு உணர்வுப் பகுதி, உள்ளே மடிந்து கிடக்கும் இன்சுலா, நடுக்கோட்டை ஒட்டிய சிங்குலேட், நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை என்று பல இடங்கள் சேர்ந்து இயங்கும்போதுதான் 'இது வலி, இங்கே வலிக்கிறது, தாங்க முடியவில்லை' என்ற அனுபவம் உண்டாகிறது. அப்படியானால் மண்டையைத் திறக்காமல், வெளியிலிருந்து காந்தமோ மின்சாரமோ கொடுத்து வலியைக் குறைக்கலாம் என்று இன்று பேசுகிறார்களே, எந்த இடத்தில் கொடுப்பது? எதைக் குறைப்பது?

வலி என்பது காயத்தின் அளவுமானி அல்ல என்பதிலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் அன்சியோ போர்முனையில் வேலை பார்த்த அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், படுகாயம் அடைந்த வீரர்களில் பலர் மார்ஃபின் வேண்டாம் என்று சொல்வதைப் பார்த்து வியந்து 1946-இல் எழுதினார். மயக்கத்தில் இருந்தவர்கள் அல்ல. நல்ல நினைவோடு இருந்தவர்கள். 1965-இல் ரொனால்டு மெல்சாக், பாட்ரிக் வால் இருவரும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார்கள். தண்டுவடத்தில் ஒரு வாயில் இருக்கிறது, வலிச் செய்தி மேலே போவதை அது கூட்டவும் குறைக்கவும் செய்கிறது, மூளையும் மேலிருந்து அந்த வாயிலைக் கட்டுப்படுத்துகிறது என்றார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து டேவிட் ரெனால்ட்ஸ் எலியின் மூளைத்தண்டில் ஒரு சிறு பகுதியை மின்சாரத்தால் தூண்டினார். எலி விழித்திருந்தது, நடமாடியது, ஆனால் வயிற்றைக் கீறி அறுவை செய்தபோது அதற்கு வலித்ததாகத் தெரியவில்லை. வலியை அடக்கும் ஏற்பாடு மூளைக்குள்ளேயே, பிறவியிலேயே இருக்கிறது. வெளியிலிருந்து தூண்டும் சிகிச்சைகள் எல்லாம் இந்த ஏற்பாட்டைத் தட்டி எழுப்பும் முயற்சிதான். வலியை அணைப்பது அல்ல, அணைக்கத் தெரிந்தவனைக் கூப்பிடுவது.

இந்த ஏற்பாடு சரியாக வேலை செய்யாத நோயாளிகளுக்குத்தான் இந்தச் சிகிச்சையில் அக்கறை அதிகம். பக்கவாதம் வந்து மூளையின் உணர்வுப் பாதை சேதமானவர்கள், தண்டுவடம் அடிபட்டவர்கள், சர்க்கரை நோயால் கால் நரம்புகள் கெட்டவர்கள், அக்கி ஆறிய பிறகும் அந்த இடத்தில் நெருப்பு வைத்தாற்போல் எரிகிறது என்பவர்கள். மருத்துவத்தில் இதற்கு நரம்பு வலி என்று பெயர். காயம் ஆறிவிட்டது, அல்லது வெளியே காயமே இல்லை. ஆனால் எரிச்சலும் சுரீர் சுரீரென்று மின்சாரம் பாய்வதும் நிற்பதில்லை. சட்டை உரசினால்கூட உயிர் போகிறது. சாதாரண வலி மாத்திரை இதற்கு அநேகமாகக் கேட்காது. இதற்கென்றே கொடுக்கும் மருந்துகளும் பெரிய அற்புதம் ஒன்றும் செய்வதில்லை. 2015-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின் கணக்குப்படி, பிரிகாபாலின் மருந்தை ஏறக்குறைய எட்டுப் பேருக்குக் கொடுத்தால் அதில் ஒருவருக்குத்தான் மருந்தினாலேயே நல்ல நிவாரணம் கிடைக்கிறது. மூளைத் தூண்டலின் பலனை எடைபோடும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நியாயம்.

சரி, எந்த இடத்தைத் தூண்டுவது? கை எரிகிறது என்றால் கையின் தொடு உணர்வைப் பார்த்துக்கொள்ளும் மூளைப் பகுதியைத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள். டோக்கியோவில் தாகாஷி சுபோகாவாவின் குழு பூனைகளிடம் செய்த சோதனையில் வேறொன்று தெரிந்தது. வலிப் பாதை அறுபட்டதால் தறிகெட்டுத் துடித்துக்கொண்டிருந்த தாலமஸ் நரம்பணுக்களை அடக்கியது உணர்வுப் பகுதி அல்ல. அதற்குப் பக்கத்தில், கைகால்களை அசைக்கும் கட்டளை பிறக்கிற இயக்கப் பகுதிதான். 1991-இல் அவர்கள் இதை நோயாளிகளிடம் செய்து காட்டினார்கள். மண்டை ஓட்டைத் திறந்து, இயக்கப் பகுதிக்கு மேலே, மூளையுறையின் மீது மின்முனையைப் பதித்தார்கள். பக்கவாதத்துக்குப் பின் வரும் பிடிவாதமான வலி சிலருக்குக் குறைந்தது. வலிக்கும் அசைவுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது யாராலும் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. இருந்தாலும் இன்றைக்கு வெளியிலிருந்து கொடுக்கும் தூண்டலிலும் முதல் இலக்கு அதே இயக்கப் பகுதிதான்.

மண்டையைத் திறக்காமல் அந்த இடத்தை எட்டும் கருவி அதற்குள் தயாராக இருந்தது. 1980-இல் மெர்ட்டன், மார்ட்டன் என்ற இருவர் தலையின் மேல் மின்முனை வைத்து, உயர் மின்னழுத்தத்தை ஒரு நொடிப்பொழுது செலுத்தி, கையைத் துள்ள வைத்தார்கள். வேலை நடந்தது, ஆனால் வலித்தது. மண்டை ஓடு மின்சாரத்தை எளிதில் விடாது. அதைத் தாண்ட வேண்டுமானால் தோல் தாங்காத அளவுக்குக் கொடுக்க வேண்டும். 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் சகாக்களும் இதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மின்சாரத்தை மறிக்கும் எலும்பு காந்தப்புலத்தை மறிப்பதில்லை. தலைமேல் வைத்த செம்புச் சுருளில் சில ஆயிரம் ஆம்பியரை ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான நேரத்தில் பாய்ச்சினால், சுமார் 2 டெஸ்லா வரை காந்தப்புலம் எழுந்து அடங்குகிறது. மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்சாரத்தை உண்டாக்கும் என்பது 1831-இல் ஃபாரடே கண்டது. இங்கே அந்தக் கடத்தி மூளை. டிஎம்எஸ் (மண்டை ஓட்டைத் தாண்டிய காந்தத் தூண்டல்) என்று மூன்றெழுத்தில் சொல்லும் முறை இதுதான்.

போகிற போக்கில் ஒன்று. வேலையைச் செய்வது காந்தம் அல்ல, காந்தத்தின் மாற்றம். வலி போகும் என்று விற்கும் காந்த வளையல், காந்த மெத்தை எதிலும் அந்த மாற்றம் இல்லை. அசையாத காந்தம் மூளையில் மின்சாரம் எதையும் உண்டாக்காது. இந்தக் கட்டுரையில் சொல்லும் எதையும் அவற்றுக்குச் சான்றாகக் காட்ட முடியாது.

சிகிச்சை அறையில் நடப்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் புரியும். நோயாளி சாய்வு நாற்காலியில் உட்காருகிறார், காதில் அடைப்பான். எட்டு வடிவில் சுற்றிய சுருள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிது. வலது கையில் வலி என்றால் இடப்பக்கத் தலையில், உச்சியிலிருந்து கொஞ்சம் காதுப் பக்கமாக அதை வைத்து ஒரே ஒரு துடிப்பு. 'டக்' என்று சத்தம், தலையில் சுண்டியதுபோல் ஒரு தட்டு. வேறொன்றும் இல்லை. கொஞ்சம் நகர்த்தி மறுபடி 'டக்'. இப்போது வலது கைக் கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது. முதல் தடவை பார்ப்பவருக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். தன் விரலை வேறு யாரோ அசைக்கிறார்கள். அந்த இடத்தைத் தொப்பியிலோ கணினித் திரையிலோ குறித்துக்கொண்டு, விசையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது விரல் துள்ளும் மிகக் குறைந்த விசை எதுவோ அதுதான் அந்த நோயாளியின் வாசல் அளவு. ஆளுக்கு ஆள் இது மாறும். மண்டை ஓடு, மூளையின் மடிப்பு, சாப்பிடும் மருந்து எல்லாமே இதைப் பாதிக்கும்.

சிகிச்சை அந்த அளவுக்குக் கீழே, பெரும்பாலும் 80 அல்லது 90 சதவீதத்தில் நடக்கிறது. அதனால் விரல் துள்ளாது. வினாடிக்கு 10 துடிப்பு வீதம் 10 வினாடி, பிறகு 20 வினாடி ஓய்வு, இப்படி முப்பது சுற்று. கால் மணி நேரத்தில் 3,000 துடிப்பு. நாற்காலியிலிருந்து எழுந்ததும் வலி போய்விடும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நிவாரணம் சில நாள் கழித்துத்தான் மெதுவாகத் தெரிய ஆரம்பிக்கும், பல அமர்வுகள் சேர்ந்தால்தான் நிலைக்கும். வேகமும் முக்கியம். அதே இடத்தில் வினாடிக்கு ஒன்று என்று கொடுத்தால் நரம்பு வலிக்குப் பலன் இல்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

அசைவுக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்விக்கு இப்போது பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. துடிப்பு போய்ச் சேருவது மூளையின் மேற்பரப்பில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம்தான். ஆனால் இயக்கப் பகுதியிலிருந்து கீழே போகும் நரம்பிழைகள் தாலமஸுக்கும், ரெனால்ட்ஸ் எலியில் தொட்ட அந்த மூளைத்தண்டுப் பகுதிக்கும் செய்தி அனுப்புகின்றன. 2022-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் இந்தப் பாதையை அடுக்கு அடுக்காகப் பிரித்துக் காட்டினார்கள். இயக்கப் பகுதியின் ஐந்தாம் அடுக்கிலிருந்து போகும் இழைகள் வலிச் செய்தியை அடக்கும் மூளைத்தண்டு ஏற்பாட்டை எட்டுகின்றன. ஆறாம் அடுக்கிலிருந்து போகிறவை தாலமஸ் வழியாக, இன்பத்தையும் ஊக்கத்தையும் கையாளும் பகுதியை எட்டி, வலியோடு ஒட்டிக்கொண்டிருக்கும் வேதனையைக் குறைக்கின்றன. 'எவ்வளவு வலிக்கிறது' என்பதும் 'எவ்வளவு படுத்துகிறது' என்பதும் வேறு வேறு என்று நாள்பட்ட வலிக்காரர்கள் எப்போதும் சொல்வார்கள். எலியின் மூளையிலும் அவற்றுக்கு வேறு வேறு வழி இருக்கிறது.

மனிதரிடம் செய்த ஒரு சோதனை எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்தது. உடம்புக்குள் சுரக்கும் அபின் போன்ற பொருட்களை எண்டார்பின் என்கிறோம். நலோக்சோன் என்ற மருந்து அவை போய் ஒட்டும் இடங்களை அடைத்துவிடும். 2011-இல் வெளியான ஆய்வில், நலமாக இருக்கும் ஆட்களுக்கு இயக்கப் பகுதியில் டிஎம்எஸ் கொடுத்து, கையில் குளிர்ச்சியால் வலி உண்டாக்கிப் பார்த்தார்கள். வலியைத் தாங்கும் திறன் கூடியது. முன்கூட்டியே நலோக்சோன் ஏற்றியிருந்தால் அந்தப் பலன் குறைந்துபோனது. போலியாகத் தூண்டப்பட்டவர்களிடம் நலோக்சோன் எந்த வித்தியாசமும் செய்யவில்லை. ஆக, தலையில் தட்டும் காந்தத் துடிப்பு உடம்பின் சொந்த மருந்துக்கடையைத் திறக்க வைக்கிறது என்று சொல்ல ஆதாரம் இருக்கிறது.

ஆனால் இதே மருந்து வேறொரு கதையும் சொல்கிறது. 1978-இல் கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம், வெறும் நம்பிக்கையால் கிடைக்கும் நிவாரணத்தையும் நலோக்சோன் குறைக்கிறது என்று காட்டினார்கள். அதாவது பிளாசிபோ என்பது கற்பனை அல்ல. அதுவும் எண்டார்பின் வழியாகத்தான் வேலை செய்கிறது. பெரிய இயந்திரம், வெள்ளைக் கோட்டு, சத்தம், விரலைத் துள்ள வைக்கும் வித்தை, வாரக்கணக்கில் ஒருவர் பக்கத்தில் இருந்து அக்கறையாக விசாரிப்பது: நம்பிக்கையைக் கிளப்ப இதைவிட நல்ல ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டே உருவாக்கியிருக்க முடியாது. அதனால் இந்தத் துறையில் ஓர் ஆய்வு நல்லதா என்று தெரிய, முதலில் அதன் போலிச் சிகிச்சை எப்படி இருந்தது என்றுதான் பார்க்க வேண்டும். சுருளைத் தலையிலிருந்து சாய்த்துப் பிடித்த பழைய ஆய்வுகளில் நோயாளி எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார். சத்தத்தோடு தட்டும் உணர்வையும் தரும் போலிச் சுருள்கள் அப்புறம்தான் வந்தன.

இதைவிட மலிவான, எளிமையான முறை ஒன்று உண்டு. உப்புநீரில் நனைத்த இரண்டு பஞ்சு, ஒரு சிறு பெட்டி, 1 அல்லது 2 மில்லிஆம்பியர் நேர்மின்சாரம், 20 நிமிடம். நேர்முனைப் பஞ்சு இயக்கப் பகுதிக்கு மேலே, எதிர்முனை மறுபக்கப் புருவத்துக்கு மேலே. ஜெர்மனியின் கோட்டிங்கனில் மைக்கேல் நிட்ஷே, வால்டர் பவுலஸ் இருவரும் 2000-இல் இதை இன்றைய வடிவில் கொண்டுவந்தார்கள், சுருக்கமாக டிடிசிஎஸ். டிஎம்எஸ் நரம்பணுவை மின்துடிப்பு எழுப்ப வைக்கும். இது அப்படி எழுப்ப வைக்காது. கொதிக்க வைக்காமல் தண்ணீரை வெதுவெதுப்பாக வைத்திருப்பதுபோல, நரம்பணு தானாகத் துடிப்பு எழுப்புவதைச் சற்று எளிதாக்கி வைக்கும். இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்த ஓர் ஆய்வில், செலுத்தும் மின்சாரத்தில் முக்கால் பங்கு தோலிலும் எலும்பிலுமே தங்கிவிடுகிறது என்று தெரிந்தது. மீதிக் கால்பங்கு என்ன செய்கிறது என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. 2006-இல் தண்டுவடம் அடிபட்ட 17 பேரிடம் ஐந்து நாள் கொடுத்துப் பார்த்ததில் வலி குறைந்தது என்று செய்தி வந்ததும் பெரிய பரபரப்பு. அதன்பிறகு வந்த முடிவுகள் ஏறுக்குமாறானவை.

மொத்தக் கணக்கு என்ன சொல்கிறது? 2018-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு நாள்பட்ட வலிக்கான 94 ஆய்வுகளை, 2,983 பேரை, சேர்த்துப் பார்த்தது. டிஎம்எஸ் போலிச் சிகிச்சையைவிட வலியை 7 சதவீதம் குறைத்தது. டிடிசிஎஸ் 17 சதவீதம். நோயாளி 'ஆமாம், வித்தியாசம் தெரிகிறது' என்று சொல்ல 15 சதவீதமாவது வேண்டும் என்பது அவர்கள் வைத்த எல்லை. அதுவும் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சிறியவை, தரம் குறைந்தவை என்றும் எழுதினார்கள். இதை மட்டும் படித்தால் கடையைக் கட்டிவிடலாம் என்று தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதுகுவலி, தசைவலி, நரம்பு வலி எல்லாவற்றையும், தலையின் எல்லா இடங்களையும், ஒரே அமர்வையும் இருபது அமர்வையும் ஒன்றாகக் கலந்து சராசரி எடுத்தால் வருவது சராசரிதான். ஐரோப்பிய நிபுணர் குழு 2014-இலும் பிறகு 2020-இலும் பிரித்துப் பிரித்துப் பார்த்து, வலிக்கான தூண்டல்களில் ஒன்றுக்கு மட்டும் உச்ச மதிப்பெண் கொடுத்தது: நரம்பு வலிக்கு, வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க இயக்கப் பகுதியில், உயர் வேக டிஎம்எஸ். 2021-இல் பிரான்சில் பல மையங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வு இதை உரசிப் பார்த்தது. 149 நோயாளிகள், 22 வாரத்தில் 15 அமர்வு. முதலில் அடுத்தடுத்த நாட்களில், பிறகு இடைவெளி விட்டு விட்டு. ஒரு பிரிவுக்கு இயக்கப் பகுதியில், இன்னொரு பிரிவுக்கு மனச்சோர்வு சிகிச்சையில் தூண்டும் முன்மூளைப் பகுதியில், மூன்றாவது பிரிவுக்குப் போலி. 25-ஆம் வாரம் பார்க்கும்போதும் இயக்கப் பகுதிக் குழுவில் வலி குறைந்தே இருந்தது. முன்மூளைக் குழுவுக்கும் போலிக் குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. பிளாசிபோ மட்டும்தான் காரணம் என்பவர்களுக்கு இதுதான் நல்ல பதில். அதே இயந்திரம், அதே சத்தம், அதே அக்கறை. நாலைந்து விரற்கடை தள்ளி வைத்தால் பலன் இல்லை.

ஒற்றைத் தலைவலிக்கு வழி வேறு. சிலருக்குத் தலைவலி வருவதற்கு முன் கண்ணில் பளிச்சிடும் கோடுகள் தெரியும். மூளையின் பின்பகுதியில் மெதுவாகப் பரவும் ஒரு மின்னலைதான் அது. பின்மண்டையில் வைத்துக்கொள்ளும் கையடக்கக் கருவியால் அந்த நேரத்தில் காந்தத் துடிப்பு கொடுத்த ஆய்வில், இரண்டு மணி நேரம் கழித்து 39 சதவீதம் பேருக்கு வலி இல்லை; போலிக் கருவிக்கு 22 சதவீதம். 2013 இறுதியில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அங்கீகரிக்கும் அமெரிக்காவின் எஃப்டிஏ இதற்கு அனுமதி கொடுத்தது.

டிஎம்எஸ் எட்டாத ஆழத்துக்கு இப்போது அல்ட்ராசவுண்டை அனுப்பிப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக்கில் வின் லெகானின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், ஒலியலையைக் குவித்து இன்சுலாவில் செலுத்தி, நலமாக இருக்கும் 23 பேரின் கையில் சூட்டால் வலி உண்டாக்கிப் பார்த்தார்கள். வலி மதிப்பெண் முக்கால் புள்ளி அளவுக்கு இறங்கியது. இது நோயாளிகளிடம் நடந்த சோதனை அல்ல. சில வினாடி சூட்டுக்கும் பத்து வருட எரிச்சலுக்கும் நடுவே வெகுதூரம் இருக்கிறது. ஆனால் மண்டையைத் திறக்காமல் இன்சுலாவையே குறிபார்த்துத் தொட முடிகிறது என்பது முன்பு நினைத்தும் பார்க்காத விஷயம்.

ஆபத்து? டிஎம்எஸ்ஸில் பெரிய பயம் வலிப்பு வருவது. விதிமுறைப்படி செய்தால் அது மிக அரிது. தலைவலி, தலைத்தோல் நோவு சகஜம். தலைக்குள் உலோகக் கிளிப்போ காது உள்கருவியோ வைத்திருப்பவர்கள் சுருளுக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது; வலிப்பு நோய், இதயப் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். டிடிசிஎஸ்ஸில் அரிப்பு, குறுகுறுப்பு, தோல் சிவத்தல். பஞ்சு காய்ந்துபோனால் தோல் பொசுங்கவும் செய்யும். இணையத்தில் பெட்டியை வாங்கி வீட்டிலேயே மாட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான், அல்லது முனைகளை இடம் மாற்றி வைப்பதில்.

மருத்துவமனை இதைச் சொன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. என் வலி நரம்பு வலிதானா? எந்த இடத்தில், எந்த வேகத்தில் கொடுக்கப் போகிறீர்கள்? முதல் சுற்றுக்குப் பின் எத்தனை நாளைக்கு ஒருமுறை வர வேண்டியிருக்கும்? கடைசிக் கேள்விதான் பலரையும் திணற வைக்கும். நிறுத்தினால் சில வாரத்தில் வலி திரும்புவது வழக்கம். அதனால் சில மையங்கள் டிஎம்எஸ்ஸை ஓர் ஒத்திகையாகவும் வைத்துக்கொள்கின்றன. அது நன்றாகக் கேட்டால், மூளையுறையின் மீது மின்முனை பதிக்கும் அறுவையும் அந்த நோயாளிக்குக் கேட்க வாய்ப்பு அதிகம். கேட்கவில்லை என்றால் மண்டையைத் திறப்பதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள். எதுவானாலும், ஏற்கெனவே சாப்பிடும் மருந்தைத் தானாக நிறுத்திவிட்டு இதற்குப் போகக் கூடாது. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலும் நோயாளிகள் தங்கள் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.